சித்திராங்கியின் வயது

சாரங்கதரன் கதையைச் சொல்பவர்கள் எவரும் சித்திராங்கிக்கு என்ன வயது என்று சொல்வதில்லை. சாரங்கதரன் வாலிபன். அவனுடைய தகப்பன் ராஜராஜ நரேந்திரன், கோதாவரிக் கரையில் ராஜமகேந்திரபுரத்தை ஆள்பவன். கல்யாண வயதில் மகன் இருப்பதால் அவன் வயதை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இவளுக்கு மட்டும் வயது கிடையாது. உறவுதான் உண்டு. சிற்றன்னை. அந்தச் சொல்லை ஒரு தடவை சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தீர்மானமாகிவிடுகிறது.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது காரிமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் இந்தக் கதையைக் கூத்தாகப் பார்த்தேன். சித்திராங்கி வேஷம் கட்டியவர் மீசையை மழித்த ஒரு நடுவயதுக்காரர். புறாவைத் தேடிக்கொண்டு சாரங்கதரன் அந்தப்புரத்துக்குள் வந்ததும் ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவள் அவன் கையைப் பிடித்ததும் ஏசினார்கள். நானும் ஏசினேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி மட்டும், யாருக்கென்று இல்லாமல், "கட்டி வெச்சவன ஒருத்தனும் கேக்கல" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கிழவி சொன்னதைவிடப் பெரிதாக எதையும் இந்தக் கட்டுரை கண்டுபிடித்துவிடப் போவதில்லை. அதில் எவ்வளவு தூரம் நியாயம் இருக்கிறது, எந்த இடத்தில் அது போதாமல் போகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

1

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கென்று பார்த்த பெண்ணை, அவள் அழகில் மயங்கி, அரசன் தானே மணந்துகொள்கிறான். மகனுடைய புறா பறந்துபோய் அவள் மாளிகையில் இறங்குகிறது. அதை எடுக்கப் போகிறவனிடம் அவள் தன் ஆசையைச் சொல்கிறாள். அவன் "நீ எனக்குத் தாய்" என்று உதறிவிட்டு வருகிறான். அவள் அரசனிடம் பழி சொல்ல, விசாரணை எதுவும் இல்லாமல் மகனின் கையையும் காலையும் வாங்கிவிடும்படி உத்தரவாகிறது. வெட்டுண்டு கிடக்கிறவனை ஒரு சித்தர் வந்து முழு ஆளாக்குகிறார். நாத சித்தர்களின் மரபில் சௌரங்கி என்று அறியப்படுபவர் இவன்தான் என்பார்கள்.

சரித்திரத்தில் ராஜராஜ நரேந்திரன் இருந்தான். பதினோராம் நூற்றாண்டின் கீழைச் சாளுக்கிய அரசன். நன்னய்யாவைத் தெலுங்கில் பாரதம் பாட வைத்தவன். அவன் மனைவி அம்மங்கை ராஜேந்திர சோழனின் மகள். அவர்களுடைய பிள்ளை 1070இல் சோழ சிம்மாசனத்தில் ஏறிய முதலாம் குலோத்துங்கன். சாரங்கதரன் என்று ஒரு பிள்ளை சரித்திரத்தில் கிடையாது. கைகால் இழக்காமல் ஒரு பேரரசையே சம்பாதித்த பிள்ளை ஒருவன் இருந்தும், ஜனங்களுக்கு வெட்டுண்ட பிள்ளைதான் வேண்டியிருந்தான். இது யோசிக்க வேண்டிய விஷயம்.

தெலுங்கில் தர்மவரம் ராமகிருஷ்ணமாச்சார்யுலு இதை நாடகமாக்கினார். தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் எழுதினார். பேசும் படம் வந்து ஐந்தாறு வருஷத்துக்குள் சினிமாவும் இதைப் பிடித்துக்கொண்டது. 1936இல் கே. சுப்ரமணியம் எடுத்த படத்துக்கு 'நவீன சாரங்கதாரா' என்று பெயர். ஏறக்குறைய அதே சமயத்தில் இன்னொரு சாரங்கதாரா படமும் வந்திருந்ததால் இந்த 'நவீன'. கதாநாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர், சித்திராங்கி எஸ்.டி. சுப்புலட்சுமி. ஐந்து வருஷம் கழித்து, 1941இல், அதே பாகவதர் ஏறக்குறைய அதே பிள்ளையாக மறுபடி வந்தார். ராஜா சந்திரசேகர் இயக்கிய 'அசோக்குமார்'. இந்தத் தடவை பௌத்தக் கதை: அசோகனின் மகன் குணாளன், அவன்மேல் ஆசைப்பட்டு நிராகரிக்கப்பட்ட இளைய ராணி திஷ்யரட்சிதை, பறிபோகும் கண்கள். வசனம் இளங்கோவன், பாட்டு பாபநாசம் சிவன்.

'நவீன சாரங்கதாரா'வை நான் பார்த்ததில்லை. 'அசோக்குமா'ரைப் பார்த்திருக்கிறேன். திஷ்யரட்சிதையாக வருகிற பி. கண்ணாம்பா 1911இல் பிறந்தவர். பாகவதர் 1910. அசோகனாக வரும் நாகையா 1904. ஆக, திரையில் நிற்கும் அம்மாவுக்குப் பிள்ளையைவிட ஒரு வயது குறைவு. அப்பாவுக்குப் பிள்ளையைவிட ஆறு வயது அதிகம். நாகையாவைக் கிழவராக்குவதற்கு ஒப்பனையும் நடையும் வேண்டியிருந்தன. கண்ணாம்பாவை அம்மாவாக்குவதற்கு ஒப்பனை எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சொல் போதுமாயிருந்தது.

2

பேசும் படம் இந்தக் கதைக்குச் செய்த காரியம் ஒன்று உண்டு. குரலைக் கொடுத்தது. கூத்திலும் நாடகத்திலும் பாட்டு இல்லாமல் இல்லை. ஆனால் ஒருவனுடைய குரல் தட்டில் பதிவாகி, ஊர் ஊராகப் போய், அவனைப் பார்க்காத பெண்களையும் அவன்மேல் பித்தாக்கிவிடுவது அந்தக் காலத்துக்குப் புதுசு. பாகவதர் அந்தக் குரல். அரங்கில் உட்கார்ந்திருந்த ஆயிரம் பேருக்கும் அவர்மேல் என்ன இருந்ததோ அதுதான் திரையில் இருந்த ராணிக்கும் இருந்தது. குணாளன் பாட, திஷ்யரட்சிதை கிறங்கிப் போகிற காட்சியில் கண்ணாம்பாவின் முகத்தைப் பாருங்கள். அது டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவர்களின் முகம். அந்த முகத்தைக் காட்டிக் காசு பார்த்துவிட்டு, பிறகு அதையே பாவம் என்று சொல்லித் தண்டிக்கிறது படம். ஜனங்களும் தங்கள் ஆசையை அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டுச் சுத்தமாக வீட்டுக்குப் போனார்கள்.

குணாளன் கதை குரலுக்காகவே உண்டானது போல இருக்கிறது. அசோகாவதானத்தில் ராணிக்கு ஆசை வருவது அவன் கண்களைப் பார்த்து; இமயத்துக் குணாளப் பறவையின் கண்கள் போன்றவை என்பதால்தான் அவனுக்கு அந்தப் பெயரே. அவனைத் தட்சசீலத்துக்கு அனுப்பியிருக்கும் சமயம் அரசனுக்கு நோய் காண்கிறது. அவள் வைத்தியம் செய்து பிழைக்க வைத்து, அதற்குக் கைம்மாறாக ஏழு நாள் ராஜ்யாதிகாரத்தை வாங்கிக்கொள்கிறாள். அந்த ஏழு நாளில் அரச முத்திரையோடு போகிறது கண்ணைப் பறிக்கும் ஓலை. குருடனாகி, மனைவி காஞ்சனமாலையோடு வீணை வாசித்துப் பிச்சையெடுத்துத் திரும்பி வருகிறவனைத் தகப்பன் அடையாளம் கண்டுகொள்வது குரலைக் கேட்டு. பார்க்கப்பட்ட உறுப்பு பறிபோகிறது. கேட்கப்பட்டது மிஞ்சுகிறது. 1941இன் சினிமாவுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைத்திருக்காது.

3

'தலைமுறை தாண்டிய காதல் தகாது' என்பது இந்தக் கதைகளின் நீதி என்று நண்பர் ஒருவர் சொன்னார். தமிழன் அப்படிச் சொல்வது வேடிக்கை. தலைமுறை தாண்டுவது நமக்கு எப்போது தகாததாக இருந்தது? அக்காள் மகளைக் கட்டுவது எங்கள் பக்கத்தில் இன்றும் உரிமை. மருமகள் பிறந்ததும் இவள் எனக்குத்தான் என்று சொன்ன தாய்மாமன்களை எனக்குத் தெரியும். இந்து திருமணச் சட்டம், 1955, அதைத் தடுத்த உறவுகளில் சேர்த்துவிட்டு, வழக்கம் உள்ள இடத்தில் செல்லும் என்றும் இடம் விட்டிருக்கிறது. முன்னோர் ஒருவரின் மனைவியாக இருந்தவளும் தடுத்த உறவில் வருகிறாள் என்று அதே பிரிவு சொல்கிறது. அதாவது, வயதும் தலைமுறையும் நமக்குப் பிரச்சினை இல்லை. நமக்கு வேண்டியது 'முறை'.

தமிழில் இந்தச் சொல் விசித்திரமானது. 'முறைப்பெண்' என்றால் உறவு. 'முறை செய்வது' என்றால் நீதி. 'முறையீடு' என்றால் நீதி கேட்டுப் போவது. உறவும் நியாயமும் ஒரே சொல்லில் குடியிருப்பதால், உறவு சரியாக இருந்தால் நியாயமும் சரியாக இருக்கிறது என்று நாம் நம்பிவிடுகிறோம். நரேந்திரன் சித்திராங்கியை மணந்தது முறைப்படி. புரோகிதர் இருந்தார், அக்கினி இருந்தது. தன் பிள்ளைக்குப் பேசின பெண்ணை எடுத்துக்கொண்டான் என்பதை ஒழுக்கக்கேடு என்று சொல்வதற்கு எந்த உறவுச் சொல்லும் இல்லை. அவள் அந்தப் பிள்ளையை விரும்பியது உடனே முறைகேடாகிவிட்டது. தலைமுறைக் கோட்டை முதலில் தாண்டியவன் அவன். அவள் பார்வை தன் வயதுக்காரன்மேல்தான் இருந்தது. ஆனால் அவன் தாண்டியபோது கோடும் அவனோடு கூடவே நகர்ந்துவிட்டது. அதிகாரம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஏ.கே. ராமானுஜன் இந்திய ஈடிபஸ் பற்றி எழுதியபோது, கிரேக்கத்தில் மகன் தகப்பனைக் கொல்கிறான், நம் கதைகளில் தகப்பன்தான் பெரும்பாலும் மகனை ஒடுக்குகிறான் என்று கவனித்தார். யயாதி மகனின் இளமையை வாங்கிக்கொள்கிறான். சந்தனுவின் கல்யாணத்துக்காகப் பீஷ்மன் தன் கல்யாணத்தை விட்டுக்கொடுக்கிறான். இங்கே நரேந்திரன் பெண்ணை எடுத்துக்கொண்டு, பிறகு கைகாலையும் எடுத்துக்கொள்கிறான். நமக்கு இந்தத் தகப்பன்மேல் கோபம் வராததற்கு மனுநீதிச் சோழனும் ஒரு காரணம். மகன்மேல் தேரை ஏற்றியவன் நம் நீதியின் உருவம். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலையாகவே நிற்கிறான். ஆனால் அவன் விசாரித்தது பசுவின் வழக்கை. நரேந்திரன் விசாரித்தது தன்னுடைய வழக்கை; விசாரித்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. பெற்ற பிள்ளையென்றும் பாராமல் தண்டிக்கிறேன் என்ற தோரணை மட்டும் ஒன்றாக இருக்கிறது. தோரணையை நீதியென்று எடுத்துக்கொள்கிற பழக்கம் கதைக்கு வெளியிலும் நமக்கு உண்டு.

4

இந்த இடத்தில் கிழவியின் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றும். கட்டி வைத்தவன் குற்றவாளி, அவள் பாவப்பட்டவள். இன்றைக்கு எழுதுகிற பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்த முடியாததற்குக் காரணம், வெட்டுண்டு கிடப்பவன் நரேந்திரன் இல்லை. அவளுக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒருவன். தனக்கு நேர்ந்த அநியாயத்தை அவள் அநியாயம் செய்தவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. கைக்கு எட்டினவனிடம் கொடுத்தாள்.

அவளுடைய காரியங்கள் மூன்று. ஆசைப்பட்டது, அதைச் சொன்னது, பிறகு பொய் சொன்னது. மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டதுதான் கதையின் தந்திரம். பொய்யின் அசிங்கம் பின்னோக்கி ஓடி ஆசையின்மேலும் ஒட்டிக்கொள்கிறது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தவர்கள் உண்டு. யூரிப்பிடிஸ் பெட்ரா கதையை இரண்டு தடவை எழுதினார். முதல் நாடகத்தில் அவள் வெட்கமில்லாமல் நடந்துகொண்டது ஏதன்ஸ்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. கி.மு. 428இல் எழுதிய இரண்டாவது நாடகத்தில் அவள் ஆசையை மறைக்கப் போராடுகிறாள். தாதிதான் வெளியிடுகிறாள். இருந்தும் பழியை அவளே ஓலையில் எழுதி வைத்துவிட்டுச் சாகிறாள். 1677இல் ரஸீன் பழிசொல்லும் காரியத்தையும் தாதியிடம் தள்ளிவிட்டு, பெட்ராவுக்கு மனச்சாட்சியை மட்டும் மிச்சம் வைத்தார். கடைசியில் அவளே வந்து உண்மையைச் சொல்லிவிட்டுச் சாகிறாள். நம்முடைய சித்திராங்கிக்கு இந்தச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. அவளுக்கு உள்ளே என்ன நடந்தது என்று கேட்க நம் நாடகக்காரர்களுக்கு அவகாசமில்லை. 1958 படத்தில் பி. பானுமதி அந்த வேஷத்துக்கு ஒரு கம்பீரத்தைக் கொண்டுவந்தார் என்பது வேறு விஷயம். அது நடிகையின் சொத்து, கதையின் சொத்து இல்லை.

பொய்யை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 'என்னைக் கிழவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்' என்று அவள் எங்கே போய் முறையிட முடியும்? அந்த அரசவையில் அப்படி ஒரு வழக்கே கிடையாது. அவள் சொல்லுக்கு அங்கே மதிப்பு வருகிற ஒரே சமயம், அரசனுக்குச் சொந்தமான தன் உடம்பை இன்னொருவன் தொட்டான் என்று சொல்லும்போதுதான். கேட்கத் தயாராக இருந்த ஒரே வழக்கை அவள் கொண்டுபோனாள். அது பொய் வழக்கு. இதனால் அவள் குற்றம் குறையவில்லை. ஆனால் அந்தக் குற்றத்துக்கு வடிவம் கொடுத்தது யார் என்று தெரிகிறது. உண்மையான முறையீட்டுக்குக் காது கொடுக்காத இடத்தில் பொய் முறையீடுகள் மிகவும் லட்சணமாக இருக்கும்.

பொய் சொல்லாத சித்திராங்கி ஒருத்தியும் நமக்கு இருக்கிறாள். தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் வரும் தங்கம்மாள். கும்பகோணத்துச் சந்தில் ஒரு கிழவருக்கு வாழ்க்கைப்பட்டவள். பக்கத்து வீட்டுப் பாபுவிடம் வருகிறாள். அவன் பிறகு அவளை ஒதுக்கிவிடுகிறான். அவள் யார்மேலும் பழி சொல்லவில்லை. தண்ணீரில் விழுந்து செத்துப்போகிறாள். யாருக்கும் கையோ கண்ணோ போகவில்லை. நாவல் யமுனாவோடு மேலே போய்விடுகிறது. வாசகர்களிலும் முக்கால்வாசிப் பேர் அவளை மறந்துவிட்டு யமுனாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பொய் சொன்னால் பேய். சொல்லாவிட்டால் ஒன்றுமேயில்லை.

5

கே. சுப்ரமணியத்தைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. 'நவீன சாரங்கதாரா' வந்து இரண்டே வருஷத்தில், 1938இல், அவர் 'சேவாசதனம்' எடுத்தார். பிரேம்சந்தின் நாவல். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு முதல் படம். வயதான கணவனாக எஃப்.ஜி. நடேசய்யர். கிழவனுக்கு வாழ்க்கைப்பட்ட இளம்பெண், சந்தேகம், வீட்டைவிட்டு வெளியேற்றம். அதே கிழவன், அதே பெண். ஆனால் இங்கே ராஜ்யமும் புறாவும் கிடையாது, அக்கிரகாரம்தான் இருக்கிறது. குற்றம் கணவன் பக்கம் போய்விடுகிறது. பெண்ணுக்குக் கல்யாண வயது பதினாலு என்று வைத்த சாரதா சட்டம் 1929இல் வந்து, அதைப் பற்றிய சண்டை வீடுகளுக்குள் ஓயாத காலம். ஒரே மனிதர் இரண்டு வருஷத்துக்குள் ஒரே அநியாயத்தை இரண்டு திசையிலிருந்து எடுத்திருக்கிறார். புராணத்தின் திசையிலிருந்து பார்த்தபோது அவருக்குத் தகப்பன் தெரியவில்லை. தெருவிலிருந்து பார்த்தபோது தெரிந்தான். பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' (1975) தெருவிலிருந்து பார்த்தும், விக்கிரமாதித்தன் கதையின் விடுகதை ஒன்றைத் துணைக்குக் கூப்பிட்டது. விடுகதையைப் போட்டுவிட்டு, விடை சொல்லும் நேரத்தில் எல்லோரையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

தெருவில் இன்னும் தெரியத்தான் செய்கிறது. நான் வேலை பார்க்கும் கிளைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தை நாள், இரண்டு பேர் வந்தார்கள். தேங்காய் விற்ற பணத்தோடு நிலம் விற்ற பணமும் இருந்தது. இருவர் பேரிலும் கூட்டாக ஒரு கணக்கு வேண்டும். அவருக்கு ஐம்பது இருக்கலாம். அந்த அம்மாளுக்கு அதைவிடக் குறைவு. படிவத்தில் உறவு என்ற இடத்துக்கு வந்ததும் கேட்டேன்.

"சின்னம்மா சார். அம்மான்னே போட்டுடுங்க" என்றார் அவர். மரியாதையான மனிதர். செத்துப்போன தகப்பனின் இளையதாரத்தை வீட்டில் வைத்துச் சோறு போடுகிறவர்.

அந்த அம்மாள் அவரை எப்படி அழைக்கிறார் என்று கவனித்தேன். எப்படியும் அழைக்கவில்லை. "அவங்க" என்றார் என்னிடம். தன்னைவிட மூத்த பிள்ளையைக் கூப்பிடுவதற்கு, இத்தனை உறவுச்சொல் வைத்திருக்கிற நம் பாஷையில் ஒரு சொல் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "எட்டு வயசு பெரியவங்க" என்றார். புகார் மாதிரித் தெரியவில்லை. திருத்தம் மாதிரி இருந்தது. நான் 'தாய்' என்றுதான் எழுதினேன். வேறு எதை எழுதுவது?

அவர்களுக்கிடையில் எதுவும் இருந்ததாக நான் கற்பனை செய்யவில்லை. அப்படிக் கற்பனை செய்வது அந்தக் கூத்து ஜனங்களின் சிரிப்பைத்தான் சேரும். ஒரு சொல் எவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறது என்பதை அன்றைக்குப் பார்த்தேன். அந்த 'அம்மா'தான் அவருக்கு அந்த வீட்டில் இடம் வாங்கிக் கொடுத்தது, சோறு போட்டது. அவருடைய நாற்பது வருஷத்தை அழித்ததும் அதே சொல்தான். சாரங்கதரன் "நீ எனக்குத் தாய்" என்று சொன்னபோது அவன் செய்தது சரி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் சந்தேகப்படுவது அதை அவ்வளவு சுலபமாக அவன் சொன்னதைத்தான். அவனுக்குப் பேசின பெண் எப்படி அவன் தகப்பன் வீட்டில் இருக்கிறாள் என்று அவன் ஒரு நிமிஷம்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மறுத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மறுப்புக்கு வேறு கனம் வந்திருக்கும். சரியான விடையைச் சொல்வதற்கும் ஒழுக்கத்துக்கும் நடுவில், கேள்வியைக் கேட்பது என்று ஒன்று இருக்கிறது.

அசோகாவதானம் அந்த இடத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. உண்மை தெரிந்ததும் அசோகன் கொதிக்கிறான். ராணியை எப்படியெல்லாம் வதைப்பது என்று சொல்லிக்கொண்டு போகிறான். குருடனான மகன் குறுக்கே பேசுகிறான். அவள்மேல் தனக்குக் கோபமில்லை என்கிறான். இது சத்தியமானால் என் கண்கள் வரட்டும் என்கிறான். வருகின்றன. 1941 படத்தில் இதைச் செய்வதற்குக் காலக்கணக்கை எல்லாம் தள்ளிவிட்டுப் புத்தரையே வரவழைத்தார்கள். ரஞ்சன் புத்தராக வந்தார். பழைய கதைக்குப் புத்தர் வர வேண்டியிருக்கவில்லை. தன்னை அழித்தவள்மேல் கோபமில்லை என்று ஒருவன் சொன்னதே போதுமாயிருந்தது.

ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை. அற்புதத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் அசோகன் அவளை அரக்கு மாளிகையில் வைத்து எரித்துவிடுகிறான். மகன் மன்னித்ததைத் தகப்பன் மன்னிக்கவில்லை. கதை இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, குணாளன் முற்பிறப்பில் என்ன பாவம் செய்தான் என்று விசாரிக்கப் போய்விடுகிறது. திஷ்யரட்சிதைக்கு முற்பிறப்பு எதுவும் சொல்லப்படவில்லை. அவளுக்கும் என்ன வயது என்று தெரியவில்லை.